கடைசல் குழிவுளிக்குச் சாணை பிடிக்க ஒரு ஜிக்: தேர்வு, செய்முறை, அளவுகள்

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் கடைசல் வேலைக்குக் குறைவே கிடையாது. படிக்கட்டுக் கைப்பிடிக் கால், கட்டில் கால், தொட்டில் கம்பு, ஊஞ்சல் உருட்டு என்று எங்கு திரும்பினாலும் கடைந்த மரம்தான். வீட்டைப் புதுப்பிக்கும்போது நான்கு கால் இற்றுப்போயிருந்தால் அதே உருவில் நான்கு கடைய வேண்டும். அதற்காகவே சிறு லேத் வாங்கிக் கற்கத் தொடங்குகிறவர்கள் உண்டு. முதல் சில நாள் உளி நன்றாகச் சீவும். பிறகு சுருள் வராது, தூள்தான் வரும். கையை அழுத்துவார்கள், மரம் பிய்யும், உளி கொத்தும். கைப்பழக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் குறை உளியின் வாயில்தான் இருக்கும்.

இங்கே அந்தக் குறை சீக்கிரமே தெரிந்துவிடும். பழைய பர்மா தேக்குதான் நம் பக்கம் கைக்குக் கிடைக்கும் நல்ல மரம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளிலும், இடிக்கும் வீடுகளிலும் துண்டு துண்டாகக் கிடைக்கிறது. தேக்குக்குள் சிலிக்கா துகள் இருப்பதால் அது வாயை வேகமாக மழுங்கடிக்கும். வேம்பிலும் பூவரசிலும் வெகுநேரம் நிற்கும் வாய் தேக்கில் அதில் பாதி நேரம்கூட நிற்காது. ஆகவே அடிக்கடி சாணை பிடிக்க வேண்டும். அடிக்கடி பிடிக்கும்போது கோணம் ஒவ்வொரு தடவையும் மாறினால் உளி தேய்ந்துகொண்டே போகும், கையும் பழகாது. ஜிக் என்பது சாணை பிடிக்கும்போது உளியைப் பிடித்து நிறுத்தும் சட்டம். அதன் வேலை ஒன்றே ஒன்று: நேற்று பிடித்த அதே கோணத்தை இன்றும் பிடிக்க வைப்பது.

எந்த உளிக்கு எது

கவுஜ் என்று கடையில் கேட்டு வாங்கும் குழிவுளி மூன்று வகையில் வரும். மூன்றுக்கும் ஒரே மாதிரிச் சாணை கிடையாது.

ரஃபிங் கவுஜ் என்பது சதுரக் கட்டையை உருட்டையாக்கும் அகல உளி. வாய் நேர்வெட்டாக இருக்கும், சரிவு (வாய்க்குப் பின்னால் சாணை பிடித்த சாய்முகம்) 45° அளவில் போதும். இதற்கு, உளியைப் பக்கத்துக்குப் பக்கம் ஆட்டிப் பிடிக்கும் ஆடும் ஜிக் வேண்டாம். பிடியின் அடியை ஒரு V பள்ளத்தில் ஊன்றி, உளியைச் சக்கரத்தின்மேல் வைத்து இருபுறமும் உருட்டினால் முடிந்தது. இந்த உளியைக் கிண்ணம் கடைய ஒருபோதும் எடுக்காதீர்கள். பிடிக்குள் போகும் இதன் வால் பெரும்பாலும் மெல்லியது. குறுக்கு நார் வந்து மோதும்போது அது முறிந்து முகத்தில் அடிக்கும்.

ஸ்பிண்டில் கவுஜ் என்பது கால், கம்பு, உருட்டுகளில் மணியும் குழிவும் எடுப்பது. வாய் விரல் நகம் போல வளைந்திருக்கும். சரிவு 35° முதல் 40° வரை.

பவுல் கவுஜ் கிண்ணம், தட்டு கடைவதற்கு. பள்ளம் ஆழமாக இருக்கும், தண்டு தடிமனாக இருக்கும். இரு இறக்கைகளையும் (வாயின் பக்க ஓரங்கள்) பின்னோக்கிச் சாய்த்து மூக்கில் (வாயின் நடு நுனி) 55° முதல் 60° வரை பிடிப்பது இன்று பரவலான வழக்கம்.

பின்னிரண்டுக்கும்தான் ஆடும் ஜிக் தேவை. மூக்கிலிருந்து இறக்கை வரை சரிவு தொடர்ச்சியாக வளைவதால், கையால் பிடித்து ஒரே சீராகக் கொண்டுபோகப் பல வருடப் பழக்கம் வேண்டும்.

வாங்குவதா, செய்வதா

ஆடும் ஜிக் எந்தக் கம்பெனியுடையதானாலும் உறுப்புகள் மூன்றுதான். உளியைப் பிடிக்கும் கூடு, கூட்டிலிருந்து சாய்வாக இறங்கும் ஒரு கால், அந்தக் காலின் நுனி ஊன்றி நிற்க V பள்ளம் உள்ள ஒரு கை. கனடாவின் ஒன்வே நிறுவனம் விற்கும் உல்வரின், வேரி-கிரைண்ட் இந்த வகைதான். சுவீடனின் டோர்மெக் தண்ணீரில் மெதுவாகச் சுற்றும் கல்லில் இதே வேலையைச் செய்கிறது. அதில் உளி சூடாகாது, ஆனால் உருவத்தை மாற்ற வேண்டுமானால் நேரம் பிடிக்கும். ஷெஃபீல்டின் ராபர்ட் சார்பி செய்யும் புரோ-எட்ஜ் கல்லுக்குப் பதிலாக பெல்ட்டில் ஓடுவது.

இவை நல்ல கருவிகள். ஆனால் இரண்டு மூன்று உளி மட்டும் வைத்திருக்கும் புதியவர் இறக்குமதி ஜிக்குக்குக் கொடுக்கும் காசை நல்ல சக்கரத்துக்கும் வைரமுனை டிரெஸ்ஸருக்கும் (கல்லின் முகத்தைச் சீவிச் சமன்செய்யும் கருவி) கொடுப்பது மேல். மட்டமான சக்கரத்தில் உயர்ந்த ஜிக் ஒன்றும் செய்யாது. நல்ல சக்கரத்தில் தெருமுனை வெல்டிங் பட்டறையில் செய்த ஜிக் அருமையாக வேலை செய்யும்.

கிரைண்டரும் சக்கரமும்

8 அங்குல பெஞ்ச் கிரைண்டர் எடுங்கள். 6 அங்குலத்திலும் முடியும், ஆனால் சக்கரம் ஒல்லியாக இருப்பதால் உளியை ஆட்ட இடம் போதாது. நம்மூர்க் கடைகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 2,880 சுற்று ஓடுவதுதான் இருக்கும். 1,440 சுற்று கிடைத்தால் அதுவே வாங்குங்கள். வேகம் பாதியானால் தவறின் வேகமும் பாதியாகும்.

கிரைண்டரோடு வரும் சாம்பல் நிறக் கல் வெல்டிங் தழும்பைத் தேய்க்க ஆகும், ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல் என்னும் சூடு தாங்கும் எஃகு) உளிக்கு ஆகாது. அது கெட்டியான கல். தேய்ந்த துகள் உதிராமல் பளபளத்துப்போய் உளியைச் சுட்டுவிடும். வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல் கேளுங்கள். சக்கரத்தின் காகித வட்டத்தில் WA 80 K V என்பது போல எழுதியிருக்கும். WA என்பது வெள்ளை அலுமினியம் ஆக்சைடு, 80 என்பது மணலின் அளவு, K என்பது கடினத்தின் படி, V என்பது பிணைப்பு. கடினத்தில் J அல்லது K சரி. அகலம் 25 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். பச்சைக் கல் கார்பைடு முனைக்கானது, அதை விட்டுவிடுங்கள். கல்லின் துளை உங்கள் ஷாஃப்டுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து, தேவையான புஷ்ஷையும் சேர்த்தே வாங்குங்கள்.

கல்லை மாட்டுமுன் துளையில் விரல் நுழைத்துத் தொங்கவிட்டு, ஸ்குரூடிரைவர் பிடியால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. சத்தென்று செத்த ஓசை வந்தால் உள்ளே விரிசல் இருக்கிறது, அதை மாட்டவே கூடாது. மாட்டியபின் மூடியைப் பூட்டி, சுவிட்சைப் போட்டு, ஒரு நிமிடம் பக்கவாட்டில் ஒதுங்கி நில்லுங்கள்.

சிபிஎன் (கியூபிக் போரான் நைட்ரைடு என்னும் மிகக் கெட்டியான துகள் பூசிய) சக்கரம் விலை அதிகம். ஆனால் டிரெஸ் செய்ய வேண்டாம், விட்டமும் தேயாது. ஹெச்.எஸ்.எஸ். உளிக்கு மிக நல்லது. லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையைக் கொல்லர் அடித்துத் தந்த உளியை அதில் அழுத்திப் பிடித்தால் சக்கரம் அடைத்துக்கொள்ளும்.

கோணத்தைத் தீர்மானிக்கும் மூன்று அளவுகள்

இந்தப் பகுதியை ஒருமுறை புரிந்துகொண்டால் எந்தக் கம்பெனி ஜிக்கையும் தயங்காமல் கையாளலாம்.

முதலாவது, கூட்டின் முன்முகத்திலிருந்து உளியின் மூக்கு எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது. இதை 50 மி.மீ. என்று நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். நீட்டம் கூடினால் சரிவு மெலியும், குறைந்தால் மொண்ணையாகும். கீழே சொல்லும் ஜிக்கில் 1 மி.மீ. பிசகினால் ஏறத்தாழ 1° பிசகும். மூன்று அளவிலும் மிக நுணுக்கமாகப் பார்க்க வேண்டியது இதுதான். பலர் கண்மதிப்பில் வைப்பதும் இதைத்தான்.

இரண்டாவது, V பள்ளத்திலிருந்து சக்கரத்தின் முகம் வரை உள்ள தூரம், ஷாஃப்டின் மையத்தை நோக்கி நேர்கோட்டில் அளந்தது. தூரம் கூடினால் சரிவு மொண்ணையாகும், குறைந்தால் மெலியும். V பள்ளம் ஷாஃப்டுக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பது கோணத்தை மாற்றாது. மையத்திலிருந்து தூரம் ஒன்றாக இருக்கும்வரை உளி சக்கரத்தைத் தொடும் இடம் மேலும் கீழும் நகரும், அவ்வளவுதான். கைக்கு வசதியான உயரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, காலுக்கும் உளித்தண்டுக்கும் இடைப்பட்ட கோணம். இது இறக்கைகள் எவ்வளவு பின்னோக்கிச் சாயும் என்பதைத் தீர்மானிக்கிறது. இதை 45° என்று வெல்டிங்கிலேயே நிரந்தரமாக்கிவிடுவது தொடக்கத்துக்கு நல்லது. திருகி மாற்றும் மூட்டு வைத்தால், மாற்றியதை மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவருவதே தனி வேலையாகிவிடும்.

கையும் V பள்ளமும்

தேவையானவை: 25 மி.மீ. சதுரக் குழாய், 2 மி.மீ. கனம், 300 மி.மீ. நீளம். அதற்குள் சறுக்கும் 20 மி.மீ. சதுரக் கம்பி 600 மி.மீ. 25×25×3 ஆங்கிள் 100 மி.மீ. 25×5 பட்டை ஒன்றரை அடி. 10 மி.மீ. கம்பியில் ஒரு நுனிக்கு மரை போட்டது 120 மி.மீ. M10 டோம் நட் (தலை குவிந்து மூடிய நட்) இரண்டு, M8 நட்டும் போல்ட்டும் இரண்டு செட். எல்லாம் ஹார்டுவேர் கடையிலும் இரும்புக் கடையிலும் துண்டாகவே கிடைக்கும்.

1. கிரைண்டரை 18 மி.மீ. பிளைவுட் பலகையில் போல்ட் போட்டு நிறுத்துங்கள். சக்கர அகலத்தின் நேர் நடுவுக்குக் கீழே, பலகையின்மேல் சதுரக் குழாயைப் பொருத்துங்கள். குழாயின் முன்முனை சக்கரத்தின் முன்முகத்துக்கு நேராக நிற்கட்டும்.

2. குழாயின் உள்ளே வெல்ட் தழும்பு ஒன்று நீளவாக்கில் ஓடும். அதை அரத்தால் தேய்க்காமல் கம்பி நுழையாது. பட்டறையில் "அண்ணே, கம்பி உள்ள சறுக்கணும், ஆனா பக்கவாட்டுல ஆடக்கூடாது" என்று சொல்லிச் செய்து வாங்குங்கள். குழாயின் பக்கத்தில் ஒரு துளையிட்டு அதன்மேல் M8 நட்டை வெல்ட் செய்து, கம்பியை இறுக்க ஒரு போல்ட் போடச் சொல்லுங்கள்.

3. கம்பியின் முன்முனையில் ஒரு பட்டைத் துண்டைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் தலையில் 40 மி.மீ. ஆங்கிளை V வடிவில் வாய் மேலே பார்க்கும்படி வைத்து வெல்ட் செய்ய வேண்டும். V-யின் நீளம் சக்கரத்தை நோக்கியிருக்க வேண்டும். உங்கள் பக்கத்து முனையை ஒரு தகட்டால் அடைத்துவிடுங்கள். ஜிக்கின் கால் பின்னால் வழுக்காமல் தடுப்பது அதுதான்.

4. V-யின் அடி, ஷாஃப்ட் மையத்துக்கு 50 மி.மீ. கீழே நிற்கட்டும். பலகையிலிருந்து ஷாஃப்ட் உயரம் 150 மி.மீ. என்றால் செங்குத்துப் பட்டை சுமார் 75 மி.மீ. வரும். உங்கள் கிரைண்டரை அளந்த பிறகே வெட்டுங்கள்.

கிரைண்டருக்குப் பின்னால் ஒரு முழம் காலியாக இருக்க வேண்டும். கையை உள்ளே தள்ளும்போது கம்பி அந்தப் பக்கம் நீளும். சுவரை ஒட்டிக் கிரைண்டரை வைத்துவிட்டுப் பிறகு இதற்காகப் பெயர்ப்பது வீண் வேலை.

இந்தக் கை மட்டும் முடிந்தாலே ரஃபிங் கவுஜுக்குச் சாணை பிடிக்கலாம்.

உளிக்கூடு

60 மி.மீ. ஆங்கிள் மிச்சம் இருக்கும். அதை 50 மி.மீ. நீளத்துக்கு வெட்டி, இதையும் V ஆக நிறுத்துங்கள். இதில்தான் உளித்தண்டு படுக்கும். இரண்டு உதடுகளிலும் பட்டைத் துண்டு நிறுத்தி, மேலே குறுக்கே ஒரு பட்டை வைத்துப் பாலம் போலக் கட்ட வேண்டும். உதடுகளுக்கும் குறுக்குப் பட்டைக்கும் இடையே 12 மி.மீ. வெளி இருந்தால் 16 மி.மீ. தண்டு வரை நுழையும். குறுக்குப் பட்டையின் நடுவில் துளையிட்டு, மேலே M8 நட்டை வெல்ட் செய்து, உளியை இறுக்கும் போல்ட்டைப் போடுங்கள்.

போல்ட்டின் நுனியை நேராக உளியின் பள்ளத்துக்குள் இறக்காதீர்கள். 20×20 மி.மீ. அளவில் 3 மி.மீ. தகட்டுத் துண்டு ஒன்றை இடையில் வையுங்கள். அது பள்ளத்தின் இரு விளிம்புகளிலும் சமமாக உட்காரும். உளி ஒருபக்கம் புரண்டிருந்தால் தகடு சாய்ந்து காட்டிக்கொடுத்துவிடும். இதைவிட எளிய மட்டப் பலகை கிடையாது.

இப்போது கால். கூட்டின் அடியில், முன்முகத்திலிருந்து 38 மி.மீ. பின்னால், V-யின் முதுகில் 10 மி.மீ. கம்பியை வெல்ட் செய்ய வேண்டும். கம்பி கீழ்நோக்கியும் பின்நோக்கியும் 45° சாய்ந்து, டோம் நட்டோடு சேர்த்து 100 மி.மீ. வெளியே தெரிய வேண்டும். உளியின் நடுக்கோட்டிலிருந்து கணக்கிட்டால் அது 120 மி.மீ. ஆகும். முன்னாலிருந்து பார்க்கும்போது கால் நேர் செங்குத்தாகத் தெரிய வேண்டும். இடமோ வலமோ 2 மி.மீ. சாய்ந்தாலும் ஒரு இறக்கை நீளமாகவும் மற்றது குட்டையாகவும் வரும். முதலில் ஒரு புள்ளி மட்டும் பற்றவைத்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, தட்டிச் சரிசெய்து, பிறகு முழுவதும் வெல்ட் செய்யச் சொல்லுங்கள். ஆறிய பின் இன்னொரு முறை பாருங்கள், வெல்ட் ஆறும்போது இழுக்கும்.

வெல்டிங் வசதி இல்லாதவர்கள் கூட்டை மரத்திலும் செய்யலாம். கருவேலம் அல்லது பழந்தேக்குக் கட்டையில் தண்டுக்குத் துளையிட்டு, மேலிருந்து போல்ட், அடியில் 45° துளையில் மரை போட்ட கம்பி. வேலை செய்யும். ஆனால் ஒரு துளை ஒரு தண்டு அளவுக்குத்தான். தண்டு துளைக்குள் சற்றே தளர்ந்தாலும் கோணம் போய்விடும்.

அளவுக்குச்சி

இந்த ஏற்பாட்டில் மிக மலிவானதும் மிக முக்கியமானதும் இதுதான். விரல் கன மரச் சட்டத்தின் ஒரு முனையில் இன்னொரு M10 டோம் நட்டைப் பொருத்துங்கள். டோம் முனையை V பள்ளத்தில் ஊன்றி, மறுமுனை ஷாஃப்ட் மையத்தை நோக்கி நேராகச் சக்கரத்தைத் தொடும்படி கையை நகர்த்தி இறுக்கினால் தூரம் சரியாகிவிடும். ஸ்கேல் வேண்டாம், கணக்கு வேண்டாம்.

மேலே சொன்ன ஜிக்குக்கு, 8 அங்குலச் சக்கரத்தில், 50 மி.மீ. நீட்டத்தில்: 40° ஸ்பிண்டில் கவுஜுக்குக் குச்சி 124 மி.மீ., 55° பவுல் கவுஜுக்கு 143 மி.மீ., 60° வேண்டுமானால் 149 மி.மீ. 6 அங்குலச் சக்கரமானால் 40°-க்கு 135, 55°-க்கு 150. வெல்டிங்கில் சிறு வித்தியாசம் வந்தே தீரும் என்பதால் குச்சியை 3 மி.மீ. கூடுதலாக வெட்டி, முதல் சாணைக்குப் பிறகு கோணத்தை அளந்து தேய்த்துச் சரிசெய்யுங்கள். 1° குறைக்கக் குச்சியில் சுமார் 1.3 மி.மீ. குறைக்க வேண்டும். குச்சியின்மேல் உளியின் பெயரையும் கோணத்தையும் பேனாவால் எழுதிவையுங்கள்.

நீட்டத்துக்கும் ஒரு நிறுத்தம் தேவை. கிரைண்டர் நிற்கும் பலகையின் ஓரத்திலிருந்து 50 மி.மீ. உள்ளே ஒரு மரத்துண்டை ஆணியடித்துவிடுங்கள். கூட்டின் முன்முகம் பலகை ஓரத்தில் மோத, உளியின் மூக்கு துண்டில் மோத, போல்ட்டை இறுக்குங்கள்.

கல் தேயத் தேய விட்டம் குறையும். 200 மி.மீ. கல் 190 ஆனபின் கையைப் பழைய இடத்திலேயே வைத்திருந்தால் கோணம் 3° மொண்ணையாகிவிடும். ஒவ்வொரு முறையும் குச்சியை வைத்துச் சரிசெய்தால் பிசகு அதில் பாதிதான், கடைசலில் அது தெரியாது.

சாணை பிடித்தல்

முதலில் கல்லை டிரெஸ் செய்யுங்கள். கல் வட்டமாக இல்லையென்றால் ஜிக் துள்ளும், சரிவில் அலை அலையாகக் கோடு விழும். வைரமுனையை அழுத்தாமல், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெல்ல இழுத்துச் செல்லுங்கள். கறுத்த பளபளப்பு போய் முழு வெள்ளையும் சொரசொரப்பும் தெரியும்வரை போதும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, முகமூடி கட்டிக்கொள்ளுங்கள்.

உளியின் சரிவு முழுவதும் கறுப்பு மார்க்கர் பூசுங்கள். ஜிக்கில் மாட்டி, சுவிட்சைப் போடாமல், சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். மை எங்கே அழிந்திருக்கிறது? வாயோரம் மட்டும் அழிந்தால் V பள்ளக் கை தூரமாக இருக்கிறது, உள்ளே தள்ளுங்கள். சரிவின் பின்விளிம்பில் மட்டும் அழிந்தால் வெளியே இழுங்கள். புது உளியைக் குச்சி அளவுக்கே மாற்றப் போகிறீர்கள் என்றால் இந்தச் சோதனை வேண்டாம், அது எங்கே தேயப்போகிறது என்று தெரிந்துகொள்ள மட்டும் பாருங்கள்.

சுவிட்சைப் போட்டபின் வரிசை முக்கியம். முதலில் காலை V பள்ளத்தில் ஊன்றுங்கள். பிறகுதான் உளியைச் சக்கரத்தின்மேல் இறக்குங்கள். எடுக்கும்போது இதற்கு நேர்மாறு. கால் ஊன்றாத உளி சக்கரத்தைத் தொட்டால் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும்.

இடது கையின் இரண்டு விரல் கூட்டின்மேல் இருக்கட்டும், வலது கை பிடியில். ஒரு இறக்கையின் கடைசியில் தொடங்கி மூக்கு வழியாக மறு இறக்கையின் கடைசி வரை, நிற்காமல் ஒரே ஓட்டமாக ஆட்டுங்கள். உளியின் எடையே போதும், அழுத்த வேண்டாம். இறக்கையில் இரும்பு அதிகம், மூக்கில் குறைவு. எனவே மூக்கைக் கடக்கும்போது வேகமாகக் கடக்க வேண்டும். சரிவு ஏற்கெனவே சரியாக இருக்கும் உளிக்கு மூன்று நான்கு ஓட்டம் போதும். தீப்பொறி சரிவின் மேலே ஏறி, வாயைத் தாண்டிப் பள்ளத்துக்குள் தெறிக்கத் தொடங்கும் கணத்தில் வாய் வந்துவிட்டது. அங்கேயே எடுத்துவிடுங்கள். அதற்குமேல் தேய்ப்பதெல்லாம் உளியின் ஆயுள்.

ஜன்னல் வெளிச்சத்தில் வாயை நேராகப் பாருங்கள். எங்காவது வெள்ளைக் கோடு மின்னினால் அந்த இடம் இன்னும் மழுங்கல். கூர்மையான வாய் ஒளியைத் திருப்பாது. பிறகு வேம்புத் துண்டில் வைத்துப் பாருங்கள். சுருள் சுருளாக விழ வேண்டும்.

எங்கே கெடும், ஏன் கெடும்

மூக்கு கூம்பிவிடும். புதியவர்களின் உளியில் முதலில் தெரிவது இதுதான். மூக்கின் இரு தோள்களிலும் அதிக நேரம் தேய்த்ததால் வருவது. இந்த உளி கிண்ணத்தின் உள்வளைவில் கோடு போட்டுக்கொண்டே போகும். சரிசெய்ய, சக்கரத்தை நிறுத்தாமல் உளியை ஜிக்கிலிருந்து எடுக்கக் கூடாது. நிறுத்தியபின் மேலிருந்து பார்த்து, எது துருத்துகிறதோ அந்த இடத்தை மட்டும் இரண்டு மூன்று ஓட்டம் தேய்த்து, மீண்டும் முழு ஓட்டத்தில் இணைக்க வேண்டும்.

இறக்கை உள்வாங்கிக் குழியும். பக்கத்திலிருந்து பார்த்தால் இறக்கையின் வாய் நேராகவோ சற்றே வெளியே பொதிந்தோ இருக்க வேண்டும். நடுவில் குழிந்தால், மூக்குக்கும் இறக்கையின் கடைசிக்கும் போகாமல் நடுவிலேயே ஆட்டிக்கொண்டிருந்தீர்கள் என்று பொருள். குழிந்த இறக்கை மரத்தை இரண்டு இடத்தில் தொட்டுக் கொத்தும்.

ஒரு இறக்கை நீளும். மூன்று காரணம்தான். உளி கூட்டில் புரண்டிருக்கிறது, அல்லது V பள்ளம் சக்கர நடுவுக்கு நேராக இல்லை, அல்லது கால் பக்கவாட்டில் சாய்ந்திருக்கிறது. தகட்டுத் துண்டைப் பார்த்து முதலாவதை ஒதுக்குங்கள். சக்கரத்தின் நடுவில் பென்சில் கோடு போட்டு அதிலிருந்து V-க்கு நூல் பிடித்து இரண்டாவதை ஒதுக்குங்கள். மிச்சம் வெல்டிங்.

சரிவில் பட்டை பட்டையாகத் தெரியும். ஓட்டத்தின் நடுவில் கை நின்றது, அல்லது கம்பி குழாய்க்குள் ஆடுகிறது. போல்ட்டை இறுக்கியும் ஆடினால் கம்பியின்மேல் மெல்லிய தகரம் ஒன்றை வைத்து நுழைத்துவிடுங்கள்.

வாய் நீலமாகும். ஹெச்.எஸ்.எஸ். உளியில் நீலம் பார்த்துப் பதற வேண்டாம், அது 500°-க்கு மேலும் பதம் தாங்கும். ஆனால் அவசரத்தில் தண்ணீரில் முக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். காற்றில் ஆறட்டும். கொல்லர் அடித்த கார்பன் எஃகு உளிக்கு நேர்மாறு. அது 200°-ஐத் தாண்டியதுமே பதம் இழக்கத் தொடங்கும், நீலம் வந்தால் 300°-ஐ எட்டிவிட்டது. ஓட்டத்துக்கு ஓட்டம் தண்ணீரில் முக்கியெடுத்துக்கொண்டே பிடியுங்கள். நீலம் விழுந்துவிட்டால் அந்தப் பகுதி முழுவதும் தேய்ந்து போகும்வரை வாய் நிற்காது. கையில் இருப்பது எந்த இரும்பு என்று தெரியாவிட்டால் பிடியோரம் சக்கரத்தில் லேசாகத் தொட்டுப் பொறியைப் பாருங்கள். கார்பன் எஃகில் பொறி வெள்ளையாகப் பூத்துக் கிளைக்கும். ஹெச்.எஸ்.எஸ்.-இல் மங்கிய செம்மஞ்சளாகக் கிளையில்லாமல் ஓடும்.

சாணை சரியாகப் பிடித்தும் மரத்தில் தேய்த்த தடம் விழுகிறது என்றால், சரிவின் பின்விளிம்பைப் பாருங்கள். பவுல் கவுஜில் அது கூரிய முனையாக நின்றால் கிண்ணத்தின் உள்வளைவை நசுக்கும். குச்சி காட்டும் இடத்தை விட V பள்ளக் கையை ஒரு விரலளவு உள்ளே தள்ளி, பின்விளிம்பை மட்டும் இரண்டு ஓட்டம் தட்டிவிட்டால் போதும். வாயை அது தொடக் கூடாது.

பட்டறைப் பழக்கம்

கிரைண்டரை லேத்திலிருந்து நான்கடி தள்ளி வையுங்கள். அதைவிட நெருங்கினால் பொறி சீவல் குவியலில் விழும். காய்ந்த தேக்குத் தூள் வெளியே தெரியாமல் உள்ளே கனன்று, பட்டறையைப் பூட்டிய பிறகு எரியத் தொடங்கும். கிரைண்டருக்குக் கீழே உள்ள இடத்தைப் பெருக்கிவிட்டே சுவிட்சைத் தொடுங்கள்.

தோளில் துண்டு, தொங்கும் சட்டைக் கை, கையுறை எதுவும் வேண்டாம். கண்ணாடி கட்டாயம். சக்கரத்தின் பக்கவாட்டு முகத்தில் எதையும் தேய்க்காதீர்கள், இந்த வகைக் கல் அந்த அழுத்தத்தைத் தாங்க வடிவமைத்ததல்ல.

பழைய தேக்கு என்றால் சாணைக்கு முன் இன்னொன்று உண்டு. கட்டையைக் காந்தம் வைத்துத் தடவி, ஆணி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். முறிந்த ஆணியொன்று வாயில் கொத்தினால் அந்தப் பல்லை எடுக்க நாற்பது சாணைக்கான இரும்பு போய்விடும். கதவுச் சட்டமாக இருந்த துண்டில் கீல் இருந்த இடத்தையும், தூணாக இருந்த துண்டில் தலைப்பலகை உட்கார்ந்த இடத்தையும் முதலில் தேடுங்கள்.

முடிந்ததும் கூட்டிலும் கையிலும் ஒட்டிய கல்தூசியைத் துடைத்து, சறுக்கும் கம்பியில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள். கல்லில் எண்ணெய் படக் கூடாது. அளவுக்குச்சிகளில் துளையிட்டு, கிரைண்டருக்கு மேலே ஆணியில் மாட்டிவிடுங்கள்.